மறு: பதிவு எத்தனை நாள் நிற்கும்? அதற்கொரு சொல்

அன்புடையீர்,

கண்காணிப்புக் கேமரா அனுப்பும் காட்சியை வன்வட்டில் சேமிக்கும் கருவிக்கு (recorder) நம் சொல்லாக்கக் குழுவில் பேசிய 'பதிவி' என்ற பெயரைப் பற்றி இனி வாதிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கணினி, செயலி, உலாவி வரிசையில் அது இயல்பாக உட்காருகிறது. கேமராவைக் கேமரா என்றே விட்டுவிடலாம். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. பதிவான காட்சி வட்டில் எத்தனை நாள் அழியாமல் இருக்கும் என்ற அளவுக்கு நம்மிடம் பெயரே இல்லை. பதிவி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பெயர் இல்லாததால் கேட்காமலே வந்துவிடுகிறார்.

நாங்களும் அப்படித்தான் வந்தோம். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், நான் குழுவில் இருக்கும் கோயிலுக்கு நான்கு கேமராவும் 2 டெராபைட் வட்டும் வாங்கினோம். "தாராளமாகப் போதும்" என்றார் பொருத்தியவர். உண்டியலைப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை திறப்பது வழக்கம். ஒருமுறை திறக்கப் போனபோது பூட்டு நெம்பப்பட்டிருந்தது. பதிவியை ஓட்டிப் பார்த்தால், பதினோரு நாளுக்கு முந்தைய காட்சி எதுவும் இல்லை. வட்டு நிறைந்ததும் பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. கருவியில் பழுதில்லை. கணக்கைத்தான் யாரும் போடவில்லை: ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட், நான்கிற்கு 173. வட்டின் இரண்டாயிரம் ஜிகாபைட்டை அதனால் வகுத்தால் பதினொன்றரை நாள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். காட்சி அழியாமல் இருக்கும் நாள் அளவுக்குப் பெயர் வேண்டும் என்றதற்கு, குழுவின் மூத்தவர் ஐயா சென்ற மடலில் எழுதியது:

> 'தக்கவைப்புக் காலம்' என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே. புதிதாக ஏன்?

பொருள் சரிதான், ஐயா. ஆனால் எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ் படிப்பவர்கள். 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலில் (டர்பன் இருக்கும் பகுதி) கரையிறங்கியவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. அவ்வளவு நீண்ட தொடர் அவர்கள் வாயில் நிற்காது. 'சேமிப்புக் காலம்' என்றால் வங்கி நினைவுக்கு வருகிறது. 'இருப்பு' என்றால் கடைச் சரக்கு.

நான் முன்வைப்பது 'தங்குநாள்'. வாழ்நாள் போன்ற வினைத்தொகை. தங்கிய நாள், தங்குகின்ற நாள், தங்கும் நாள் என்று முக்காலமும் அதில் அடங்கும். "இந்தப் பதிவியின் தங்குநாள் எவ்வளவு?" என்று கடையில் கூச்சமில்லாமல் கேட்கலாம். இதை முன்பே சொன்னபோது குழுவில் ஒரு தங்கை எழுதியது:

> விடுதியில் தங்குவதுபோல ஒலிக்கிறதே, அண்ணா!

ஒலிக்கட்டும், தங்கையே. நடப்பதும் அதுதான். புதிய விருந்தினர் வந்ததும் பழையவர் அறையைக் காலி செய்கிறார். இதே காரணத்தால்தான், பழையதன்மேல் புதியது எழுதப்படுவதைக் குறிக்கும் 'சுழற்பதிவு' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. சுழல்வது திரும்பி வரும், அழிந்த காட்சி வராது. 'மேலெழுதல்' என்பதே அதற்கு நேர்மையான சொல்.

சொல் கிடைத்தால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வட்டை 4 டெராபைட்டாக்கினால் தங்குநாள் இருபத்து மூன்று. காட்சியைச் சுருக்கும் பழைய முறையான எச்.264-க்குப் பதிலாகப் புதிய எச்.265 முறையில் சுருக்கினால், ஏறக்குறைய அதே தெளிவுக்குப் பாதி இடம் போதும் என்பதால், வட்டை மாற்றாமலே தங்குநாள் இரட்டிப்பை நெருங்கும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்ய வைத்தாலும் நீளும். ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேண்டிய அந்த ஒரு நிமிடம் விட்டுப்போகக்கூடும். மேல் எல்லையும் உண்டு. 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள எங்கள் நாட்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டமான பொப்பியா, தேவைக்கு மேல் பிறர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது. எனவே ஆறு மாதத் தங்குநாள் வேண்டும் என்று ஆசைப்படுவதும் கோயிலுக்குப் பொருந்தாது.

மின்வெட்டை மறந்துவிடாதீர்கள். 2023-இல் பெரும்பாலான நாள்களில் எங்களுக்கு மின்சாரம் நின்று நின்று வந்தது. மின்சாரம் போனபோது பதிவாகாத மணிகளைத் தங்குநாளில் சேர்த்து எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றுவது. பதிவியிலிருந்தே வலைக் கம்பி வழியாக மின்சாரம் பெறும் கேமராவாக இருந்தால் ஒரே யுபிஎஸ் எல்லாவற்றையும் தாங்கும். திடீரென நின்று நின்று வட்டு கெடுவதையும் அது தடுக்கும். பதிவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் மின்சாரம் திரும்பும்போது கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டும். பிறகு எந்தக் காட்சி எந்த நாளுக்குரியது என்று காவல் நிலையத்தில் சொல்ல முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 'தக்கவைப்புக் காலம்', 'தங்குநாள்' இரண்டையும் கரும்பலகையில் எழுதி, பெரிய பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லப் போகிறேன். அவர்கள் நாவில் எது நிற்கிறது என்பதை மறுநாளே எழுதுகிறேன். அதற்குள் 'தங்குநாள்' வேறு துறையில் வேறு பொருளில் வழங்குவதைக் கண்டவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.