வேடரை அளந்தவரின் படங்களை மாணவர்முன் வைக்கலாமா?

ஒட்டுசுட்டான் ஆசிரியை:
தரம் 11 வரலாற்றுச் செயற்றிட்டத்துக்காக இலங்கைப் பழங்குடியினரான வேடரைப் பற்றித் தேடிய எமது மாணவி, ஒரே ஆளை நேரிலும் பக்கவாட்டிலும் எடுத்த சில பழைய படங்களைக் கொண்டுவந்தார். எடுத்தவர் எகோன் ஃபொன் ஐக்ஸ்டெட் என்னும் ஜேர்மன் மானிடவியலாளர் என்று கீழே குறிப்பு உண்டு. படத்தில் இருப்பவரின் பெயரோ இல்லை. இவர் ஹிட்லரின் நாசிகளுக்குத் துணைபோனவர் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அது உண்மையா? உண்மையானால் அப்படங்களைப் பயன்படுத்துவது முறையா?

வவுனியா, ஓய்வுபெற்ற நூலகர்:
உண்மைதான் ரீச்சர். 1892இல் பிறந்த ஐக்ஸ்டெட், 1926 முதல் 1929 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்து, கண்ட மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். வேடரின் பெயராலேயே ‘வெட்டிட்’ என்றோர் இனவகையை உண்டாக்கித் தென்னிந்தியக் காட்டுவாழ் மக்கள் பலரையும் அதற்குள் அடைத்தார். 1934இல் வெளியான அவருடைய பெருநூல், உலக மாந்தர் அனைவரையும் இவ்வாறே வகை பிரித்தது.

பின்னர் நடந்ததையே மாணவர் முக்கியமாக அறியவேண்டும். நாசி ஆட்சியில் ஒருவருடைய தந்தை யூதரா என்ற ஐயம் எழுந்தால், காது, மூக்கு, கண் ஆகியவற்றை ஒப்பிட்டு மானிடவியலாளர் அறிக்கை எழுதுவர். அவ்வறிக்கையில் அந்த மனிதருடைய திருமணமும் தொழிலும், பின்னாளில் உயிருமே தங்கியிருந்தன. அன்று ஜேர்மன் நகராக இருந்த பிரெஸ்லாவில் (இன்று போலந்தில் உள்ளது) ஐக்ஸ்டெட் நடத்திய நிறுவனமும் அத்தகைய அறிக்கைகளை எழுதிக் கொடுத்தது. இலங்கையில் வேடரின் தலையில் வைத்த அதே அளவுகோல்தான் அங்கேயும் பயன்பட்டது.

மல்லாவி வாசகர்:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் அக்காலத்தில் பிரித்தானியரும் பிறரும் இவ்வாறே அளந்தனர். எடுத்தவர் கெட்டவர் என்பதற்காக, படத்தில் உள்ள முதியவரையும் நாம் மறைத்துவிடலாமா? போருக்குப் பின் 1946இல் அதே ஐக்ஸ்டெட் ஜேர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார், அவருக்குப் பின் அப்பொறுப்பு அவருடைய பழைய உதவியாளர் இல்சே ஷ்விடெட்ஸ்கியிடமே சென்றது என்பதையும் எழுதி, படத்தையும் வைக்கலாம் என்பது என் கருத்து.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்:
2009இல் முகாமுக்குள் போனபோது எங்களையும் வரிசையில் நிறுத்தி, பதிந்து, படமெடுத்தார்கள். என் அம்மா அந்தப் படத்தில் எப்படி நின்றிருப்பார் என்பதை நான் இன்றும் நினைப்பதுண்டு. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அன்று எவரும் இல்லை. அந்த முதியவரும் அப்படித்தான் நின்றிருப்பார். வேடர் குடும்பங்கள் இன்றும் இந்த நாட்டில் வாழ்கின்றன. அவர்களைக் கேளாமல் அந்த முகத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள், தங்கச்சி.

ஒட்டுசுட்டான் ஆசிரியை:
அக்கா, உங்கள் பதிலை மாணவிக்கு வாசித்துக் காட்டினேன். படங்களை அவரே எடுத்துவிட்டார். அந்த இடத்தில் பிரெஸ்லாவ் அறிக்கைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுத விரும்புகிறார். நூலகர் ஐயா அதைப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?