பிரான்சின் காட்டு மலைகளில் துவிச்சக்கரவண்டிப் பயணம்: எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்?

நானுஓயா வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் பாரிஸ் புறநகரில் வசிக்கும் அக்காவின் வீட்டிற்குச் செல்கிறேன். அங்கு தங்கும் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களைப் பிரான்சின் நாட்டுப்புறத்தில் துவிச்சக்கரவண்டியில் சுற்றிப்பார்க்க ஒதுக்கியிருக்கிறேன். இணையத்தில் தேடினால் ஒன்றில் லுவார் ஆற்றங்கரையின் மாளிகைகளைக் காட்டுகிறார்கள், அல்லது ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த கணவாய்களைக் காட்டுகிறார்கள். நான் தேடுவது இவை இரண்டும் அல்ல. காடு சூழ்ந்த நடுத்தர உயர மலைகளும், இன்றும் மக்கள் குடியிருக்கும் பழைய கிராமங்களும், வாகன நெரிசல் இல்லாத சிறு வீதிகளும் கொண்ட ஒரு பகுதியே எனக்கு வேண்டும்.

பட்டிப்பொல, அம்பேவெல பக்கமும் வெலிமடை வீதியிலும் வண்டி ஓட்டிப் பழகியிருக்கிறேன். ஏற்றம் எனக்குப் புதிதல்ல. பர்கண்டிப் பிரதேசத்திலுள்ள மொர்வான் என்னும் மலைப்பகுதியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதன் மிக உயர்ந்த சிகரமே 901 மீற்றர்தான் என்று வாசித்தேன். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவை அன்றாடம் பார்க்கும் நமக்கு அது மலைப்பயணமாகத் தோன்றுமா? அங்கு எந்த வழியில் செல்வது, எத்தகைய வண்டி பொருந்தும், பாரிஸிலிருந்து வண்டியைப் புகையிரதத்தில் கொண்டுசெல்ல முடியுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொட்டகலையிலிருந்து ஒரு மறுமொழி:

மகளுக்கு வணக்கம். பிரான்சில் நீண்ட காலம் வேலை செய்து ஊர் திரும்பியவன் நான். மொர்வானைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. உயரத்தின் எண்ணிக்கையைப் பார்த்து அதை எளிதாக எடைபோட வேண்டாம்.

நம் மலைநாட்டின் பெரிய வீதிகள், மாட்டு வண்டியும் பின்னர் லொறியும் பாரத்தோடு ஏறவேண்டும் என்பதற்காக வளைந்து வளைந்து சீரான சாய்வில் வெட்டப்பட்டவை. கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தைக் கடக்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் ஒரே தொடர்ச்சியான ஏற்றம். கால் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டால் அதே தாளத்தில் மேலே வந்துவிடலாம். மொர்வானின் சிறு வீதிகள் அப்படியல்ல. ஒரு குக்கிராமத்தையும் அடுத்த குக்கிராமத்தையும் இணைக்கப் பிறந்தவை என்பதால், அவை முகட்டுக்கு நேராக ஏறி மறுபக்கத்து ஓடைக்கு நேராக இறங்குகின்றன. ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்தானது. இறக்கம் முடியும் இடத்திலேயே அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். அறுபது கிலோமீற்றர் ஓடினால் அன்றைய மொத்த ஏற்றம் எளிதாக ஆயிரம் மீற்றரை நெருங்கும். ஆகவே முன் பற்சக்கரம் சிறியதாகவும் பின் பற்சக்கரம் பெரியதாகவும் உள்ள வண்டியாகப் பாருங்கள். டயர் 35 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் காட்டுப் பாதைகளிலும் கால்வாய்க் கரையிலும் அஞ்சாமல் ஓட்டலாம். சாமான்களை முதுகில் சுமக்காமல் கெரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் வையுங்கள்.

வழியைப் பொறுத்தவரை, ஓசேர் நகரில் தொடங்கித் தெற்கு நோக்கிச் செல்வது நல்லது. முதல் இரண்டு நாட்களுக்கு நிவெர்னே கால்வாயின் கரைப்பாதை உங்களை ஏற்றமின்றி அழைத்துச் செல்லும். புதிய வண்டியோடும் வலப்பக்க ஓட்டத்தோடும் பழக இதைவிட ஏற்ற இடம் இல்லை. சொஸ்வா என்னும் சுண்ணாம்புப் பாறைச் சுவர் யோன் ஆற்றின் மேல் எழுந்து நிற்கும் இடத்தையும், ஷத்தேல்-சன்சுவார் ஊரையும் கடந்து கிழக்கே திரும்பினால் வேஸ்லே தெரியும். குன்றின் உச்சியில் புனித மதலேன் மரியாள் ஆலயமும், அதன் காலடியில் ஒரே வீதியாக வழிந்து இறங்கும் ஊரும் உள்ள அந்த இடத்தில்தான் 1146ஆம் ஆண்டு புனித பெர்னார்ட் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு நடந்துசெல்லும் யாத்திரிகர்களின் பழைய பாதைகளில் ஒன்றும் அங்கிருந்தே தொடங்குகிறது. 1979ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. அடுத்து பஸோஷ். பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபான் வாங்கி வாழ்ந்த மாளிகை அங்கே இருக்கிறது. பின்னர் லோர்ம், செத்தோன் ஏரி, ஷத்தோ-ஷினோன் என்று மலைக்குள் போகலாம்.

இந்தக் காடு ஏன் இப்படி இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு போனால் பயணத்தின் பொருளே மாறும். பதினாறாம் நூற்றாண்டு முதல் பாரிஸ் நகரின் அடுப்புகளுக்கு விறகு கொடுத்தது மொர்வான்தான். மரத்துண்டுகளை ஓடைகளில் இட்டு, அணைத்து வைத்த நீரைத் திறந்துவிட்டுக் க்ளம்சி நகர்வரை மிதக்கவிட்டு, அங்கே தெப்பங்களாகக் கட்டி யோன், சேன் ஆறுகள் வழியே தலைநகருக்கு அனுப்பினார்கள். செத்தோன் ஏரியே அந்த மிதப்புக்கு நீர் சேமிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நீர்த்தேக்கந்தான். மரம் மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். மொர்வான் பெண்கள் தம் கைக்குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டுப் பாரிஸ் செல்வந்தர்களின் பிள்ளைகளுக்குப் பாலூட்டும் தாதிகளாகச் சென்றார்கள். பாரிஸின் ஆதரவற்ற குழந்தைகள் மொர்வான் வீடுகளுக்கு வளர்க்க அனுப்பப்பட்டார்கள். அலின்யி-ஆன்-மொர்வான் என்னும் ஊரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டு வேலைக்குக் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் தாய்மாரை அனுப்பிவிட்டுப் பாட்டிமாரிடம் வளரும் பிள்ளைகளை நம் லயங்களில் பார்த்தவர்கள், அந்த அருங்காட்சியகத்தை வெறும் சுற்றுலா இடமாகக் கடந்துவிட முடியாது. அரை நாளாவது அதற்கு ஒதுக்குங்கள்.

மலைகளில் நீங்கள் காணும் ஊசியிலை மரங்களில் பெரும்பகுதி இயற்கைக் காடு அல்ல. இருபதாம் நூற்றாண்டில் வெட்டு மரத்துக்காக வரிசை வரிசையாக நடப்பட்ட டக்ளஸ் மரங்கள் அவை. நம் பைனஸ் தோப்புகளைப் போலவே அவற்றின் அடியிலும் நிலம் இருண்டு வெறுமையாகக் கிடக்கும். பழைய பீச், ஓக் காடுகளைக் காக்க அங்குள்ள மக்கள் கூட்டாகப் பணம் சேர்த்துக் காடுகளை வாங்கி வருகிறார்கள் என்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செய்தி.

கடைசியாக மொன் பெவ்ரே. 821 மீற்றர் உயரமுள்ள அந்த மலையில் பிப்ராக்த் என்னும் நகரம் இருந்தது. உரோமருக்கு முன் பிரான்சில் வாழ்ந்த கோல் மக்களின் நகரம் அது, கி.மு. 52இல் வெர்சிங்கெத்தோரிக்ஸ் உரோமருக்கு எதிரான படைகளின் தலைவராக ஏற்கப்பட்டது அங்கேதான். அகழ்வாய்வு இன்றும் நடைபெறுகிறது. பின்னர் அந்நகர மக்கள் ஒத்தன் என்னும் உரோம நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்நகரின் உரோம வாயில்கள் இன்றும் நிற்கின்றன. மலையிலிருந்து சமவெளிக்கு அவர்கள் இறங்கிய திசையிலேயே நீங்களும் இறங்குவீர்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் சிறப்பானது. எனினும், வெளிநாட்டில் முதன்முறையாகத் தனியே நெடும்பயணம் செல்பவருக்கு வேறொரு வழியையும் சொல்ல விரும்புகிறேன். பாரிஸ் நோத்ர-தாம் பேராலயத்திலிருந்து மொன்-சன்-மிஷேல் வரை ஏறத்தாழ 450 கிலோமீற்றர் நீளத்துக்கு ‘வேலோசெனி’ என்னும் பாதை அடையாளப் பலகைகளுடன் அமைக்கப்பட்டிருக்கிறது. அக்கா வீட்டிலிருந்தே வண்டியில் புறப்பட்டுவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு, ரம்பூயே காடு, ஷார்த்ர் பேராலயம் ஆகியவற்றைக் கடந்து பெர்ஷ் என்னும் குன்றுப் பிரதேசத்துக்குள் நுழைகிறது. ஓக் காடுகளும், கல்லால் கட்டிய பழைய நிலவுடைமையாளர் மனைகளும், பெர்ஷெரோன் என்னும் பாரம் இழுக்கும் குதிரைகளும் அப்பிரதேசத்தின் அடையாளங்கள்.

கொந்தே-சூர்-உயீனிலிருந்து அலான்சோன் வரை அறுபது கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரம் கைவிடப்பட்ட இருப்புப்பாதையின் மேல் அமைந்த, மோட்டார் வாகனம் செல்லாத பசுமை வழி. இருப்புப்பாதையின் சாய்வு எவ்வளவு மென்மையானது என்பதை நானுஓயாக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் மலையகப் புகையிரதப் பாதையின் மிகக் கடுமையான சாய்வே 44க்கு 1 தான், அதாவது 44 மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் உயர்வு. வழி தவறும் அச்சமும் வாகன அச்சமும் இல்லாமல் காட்டையும் கிராமத்தையும் பார்க்க வேண்டுமானால் பெர்ஷ் போதும்.

நானுஓயா வாசகி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தாதிகளைப் பற்றி வாசித்தபின் என் மனம் மொர்வான் பக்கமே சாய்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. நான் மரக்கறி உணவு மட்டுமே உண்பவள். சிறு கிராமங்களில் சமாளிக்க முடியுமா? வலப்பக்கம் ஓட்டுவதில் கவனிக்க வேண்டியவை எவை?

அப்புத்தளையில் பிறந்து லியோனில் வசிப்பவர்:

சகோதரி, இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது உயிரோடு சம்பந்தப்பட்டது. நேராகச் செல்லும்போது வலப்பக்கம் விரைவில் பழகிவிடும். ஆபத்து திரும்பும் இடங்களிலும், ஓய்வெடுத்துவிட்டு வெறிச்சோடிய வீதியில் மீண்டும் ஏறும் கணத்திலும் இருக்கிறது. எதிரே வாகனம் எதுவும் இல்லாதபோது நம் உடல் தானாக இடப்பக்கம் போகும். இதைவிட முக்கியமான ஒரு விதி உண்டு. அடையாளப் பலகையோ கோடோ இல்லாத சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. கிராமத்துக்குள் ஒரு சின்ன ஒழுங்கையிலிருந்து வரும் உழவு இயந்திரம்கூட உங்களுக்காக நிற்காது. நிற்க வேண்டியவர் நீங்கள். கார்கள் உங்களை முந்தும்போது ஊருக்குள் ஒரு மீற்றரும் ஊருக்கு வெளியே ஒன்றரை மீற்றரும் இடைவெளி விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலோர் அதை மதிக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருட்டிலும் மூடுபனியிலும் ஒளி தெறிக்கும் மேலங்கி அணிவது கட்டாயம். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்றாலும் அதைப் பையில் வைத்திருங்கள், மொர்வான் மழையும் மூடுபனியும் மிகுந்த பகுதி.

உணவு கிடைக்கும், நேரந்தான் சிக்கல். கிராமத்து உணவகங்கள் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணிவரைதான் பரிமாறும். ஞாயிறு பிற்பகலிலும் திங்கட்கிழமையிலும் பல கடைகளும் பாண் பேக்கரிகளும் மூடியிருக்கும். எனவே சனிக்கிழமையே பாண், பாலாடைக்கட்டி, பழங்கள், பருப்பு ஆகியவற்றை வாங்கி வைத்துவிடுங்கள். மரக்கறி உணவு உணவகங்களில் பெரும்பாலும் முட்டை, சலாது, பாலாடைக்கட்டி என்ற அளவில் நின்றுவிடுவதால், சிறிய எரிவாயு அடுப்பு ஒன்று பெரிய துணையாகும். எரிவாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுவர முடியாது. பிரான்சில் விளையாட்டுப் பொருட் கடைகளில் வாங்கலாம். அரிசியும் தூளும் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷபேல் பகுதியில் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபைகளே நடத்தும் கூடார முகாம்கள் மலிவானவை, சுத்தமானவை. தண்ணீருக்கு ஒவ்வோர் ஊரின் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்ற அறிவித்தல் இல்லையா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

நம் காடுகளில் அட்டை என்றால் அங்கே உண்ணி. அட்டை கடித்தால் இரத்தம் போவதோடு முடிந்துவிடும். உண்ணி லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியது. புல்லில் அமர்ந்த நாட்களில் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள். உண்ணியை அகற்றும் சிறு கொக்கி எந்த மருந்தகத்திலும் கிடைக்கும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கொட்டகலையிலிருந்து மீண்டும்:

புகையிரதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து ஓசேருக்குப் பிராந்தியப் புகையிரதம் செல்கிறது. இடமிருக்கும்வரை வண்டியைக் கழற்றாமலே ஏற்றலாம். அதிவேகப் புகையிரதங்களில் அப்படி முடியாது, முன்பதிவோ பையில் கட்டுவதோ தேவைப்படும். திரும்பும்போது ஒத்தனுக்குத் தெற்கே எதாங்-சூர்-அரூ நிலையத்துக்கு வந்தால் நெவேர் செல்லும் புகையிரதம் பிடித்து, அங்கிருந்து மீண்டும் பெர்சிக்கு வந்துவிடலாம். மழை நான்கு நாட்கள் விடாமல் பிடித்துக்கொண்டால் மலைக்குள் போகாமல் கால்வாய்ப் பாதையிலேயே தெற்கு நோக்கித் தொடருங்கள். அதுவும் தெசீஸ் வரை போகிறது, அங்கிருந்தும் நெவேருக்குப் புகையிரதம் உண்டு.