வெப்மெயிலில் 1 எம்பிக்கு மேல் கோப்பு இணைக்க முடியவில்லை

கேள்வி:
டெபியன் 12 (லினக்ஸ்), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி எஃப்பிஎம் 8.2 (பிஎச்பி நிரல்களை இயக்குவது), ரவுண்ட்கியூப் (வெப்மெயில் மென்பொருள்). 800 கேபி படம் இணைகிறது. 6 எம்பி பிடிஎஃப் கொடுத்தால் பதிவேற்றம் தோல்வி. பிஎச்பி ஐஎன்ஐ கோப்பில் வரம்பை 25 எம்பி ஆக்கிவிட்டேன். கடிதம் எழுதும் பக்கமும் 25 எம்பி என்றே காட்டுகிறது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 413 (கோரிக்கை மிகப் பெரியது என்ற பிழை எண்) வருகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
413 என்றால் கோரிக்கை பிஎச்பி வரை போகவே இல்லை, என்ஜின்எக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அதன் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' இயல்பாக 1 எம்பிதான். பக்கத்தில் தெரியும் 25 பிஎச்பி அமைப்பிலிருந்து வருவது. என்ஜின்எக்ஸின் வரம்பு ரவுண்ட்கியூபுக்குத் தெரியாது. என்ஜின்எக்ஸ் அமைப்பில் இந்தத் தளத்துக்கான பகுதியான சர்வர் பிளாக்கில் அந்த வரம்பை 30எம் என்று போட்டு, 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்துச் சரிபார்த்தபின் ரீலோட் செய்யுங்கள். முன்னால் இன்னொரு ப்ராக்ஸி (கோரிக்கையை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர்) இருந்தால் அங்கேயும் இதே மாற்றம் வேண்டும்.

பிஎச்பியில் 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' எப்போதும் 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' அளவைவிடக் கூடுதலாக இருக்கட்டும் (இயல்பில் முறையே 8 எம்பி, 2 எம்பி). எண்ணுக்குப் பின் எம் என்ற ஒரே எழுத்து போதும். எம்பி என்று எழுதினால் 25 பைட் என்று எடுத்துக்கொள்ளும், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்!

கேட்டவர்:
நன்றி, 413 போய்விட்டது. 6 எம்பி கடிதம் போனது. ஆனால் 9 எம்பி கோப்பு இணைகிறது, 'அனுப்பு' அழுத்தினால் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) பிழை 552.

பதில் 2:
இது அஞ்சலை அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் தரும் பிழை. 'மெசேஜ் சைஸ் லிமிட்' இயல்பாக 1,02,40,000 பைட். இணைப்பு, அஞ்சலில் செல்வதற்கான எழுத்து வடிவமான பேஸ்64 ஆக மாறும்போது, வரி முறிவுகளையும் சேர்த்தால், சுமார் 37% பெருக்கிறது. அதனால் ஏறக்குறைய 7 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு தாண்டாது. 25 எம்பி கோப்புக்கு ஏறத்தாழ 3.6 கோடி பைட் ஆகும், 4,00,00,000 வையுங்கள். 'மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்' (இயல்பு 5,12,00,000) இதைவிடக் குறையக் கூடாது. பெறுபவரின் சர்வர் வரம்பு வேறு, அதை நாம் மாற்ற முடியாது.

பதில் 3:
பின்னாளில் பெரிய கோப்புக்கு மட்டும் 500 (சர்வரின் உள் பிழை) வந்தால் அளவு வரம்பைத் தொடாதீர்கள். நினைவகத் தாங்கியில் அடங்காத பகுதியை என்ஜின்எக்ஸ் தற்காலிகக் கோப்புறையில் எழுதும். அங்கே அனுமதி இல்லாவிட்டாலோ வட்டு நிரம்பினாலோ இப்படித்தான் ஆகும். எரர் லாக், 'டிஎஃப் -எச்' (வட்டு இடம்), 'டிஎஃப் -ஐ' (ஐநோட்) மூன்றையும் பாருங்கள். இடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய பதிவு) தீர்ந்திருக்கலாம். ரவுண்ட்கியூபின் டெம்ப் கோப்புறையில் எஃப்பிஎம் பயனருக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.