நரேவ் சொற்பட்டியல் யாத்விங்கியம்தானா?

வேர்ச்சொல்:
இன்றைய போலந்து, லிதுவேனியா, பெலாரஸ் எல்லைப் பக்கம் வாழ்ந்த யாத்விங்கியர் நாட்டை, ஜெர்மானியச் சிலுவைப் போர் அமைப்பான டியூட்டானிக் வீரர்கள் 1283இல் பிடித்தார்கள். யாத்விங்கியர் பேசிய மொழி, லிதுவேனியம் போன்றவை சேர்ந்த பால்டிக் குடும்பத்தின் மேற்குக் கிளை. அதில் ஆட்பெயர், ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1978இல் வியாச்செஸ்லாவ் ஜினோவ் என்ற இளைஞர் போலந்து-பெலாரஸ் எல்லையிலுள்ள பியவோவியெஜா காட்டுப் பகுதியில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை வாங்கினார். அதில் போலிஷ் பொருளோடு 215 சொற்கள் வரை இருந்தன. தலைப்பு, ‘நரேவ் பகுதிப் புறச்சமயத்தார் பேச்சு’. அதைத்தான் நரேவ் சொற்பட்டியல் என்கிறோம். அது யாத்விங்கியம்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றுமணல்:
மூலப்பிரதி எங்கே? ஜினோவின் பெற்றோர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். நம்மிடம் இருப்பது அவர் நோட்டில் எழுதி வைத்த நகல், அதிலும் பிழைகள். சில சொற்களில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் வாடை வேறு அடிக்கிறது. இதை வைத்து ஒரு மொழியின் உறவைச் சொல்வது சரியில்லை.

வேர்ச்சொல்:
மூலம் இல்லாததுதான் குறை என்றால், மறைந்துபோன இன்னொரு மேற்குப் பால்டிக் மொழியான பழைய பிரஷ்யத்தின் எல்பிங் அகராதியை என்ன செய்வது? 802 சொற்கள் கொண்ட அந்த ஏடே 1400ஐ ஒட்டி எடுத்த நகல். அதுவும் இரண்டாம் உலகப் போரில் காணாமல் போய்விட்டது. அதை யாரும் ஒதுக்கவில்லையே!

ஆற்றுமணல்:
அந்த ஒப்பீடு நிற்காது. எல்பிங் ஏட்டின் நிழற்படப் பதிப்பு 1897இலேயே வந்துவிட்டது. ஓர் எழுத்தில் சந்தேகம் வந்தால் படத்தைப் பார்க்கலாம். ஜினோவ் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் எங்கே போய்ப் பார்ப்பது? பால்டிக் மொழிகளில் ஓர் எழுத்தே பெரிய விஷயம். கடவுளுக்குப் பிரஷ்யத்தில் ‘தெய்வ்ஸ்’, லிதுவேனியத்தில் ‘தியேவஸ்’. பழைய ‘எய்’ ஒலி பிரஷ்யம் இருக்கும் மேற்குக் கிளையில் நின்றது, லிதுவேனியம் இருக்கும் கிழக்குக் கிளையில் ‘இயே’ ஆனது. இப்படிப்பட்ட இடத்தில் கை தவறினால் மொழியே கிளை மாறிவிடும்.

கரையோரம்:
நடுவே ஒரு வார்த்தை. இது போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் லிதுவேனிய வட்டாரப் பேச்சாக ஏன் இருக்கக் கூடாது? பெலாரஸில் ஜெத்தெலா பக்கம் லிதுவேனியம் தனித் தீவாக 20ஆம் நூற்றாண்டு வரை இருந்ததே.

வேர்ச்சொல்:
நல்ல கேள்வி. பட்டியலில் ‘குதி’ என்ற சொல்லுக்குச் சிலுவை வீரர்கள் என்று பொருள் தந்திருக்கிறது. இன்றைய லிதுவேனியத்தில் ‘குதஸ்’ என்றால் பெலாரஸ்காரர். டியூட்டானிக் வீரர்களிடம் அடிபட்ட மக்களின் வாயில்தான் முதல் பொருள் வந்திருக்கும்.

ஆற்றுமணல்:
சரி, ‘குதி’ வலுவான சான்று, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அந்த ஒரு சொல்லின் பொருளுக்குத்தான் சான்று. ஒலி மாற்றத்துக்கு ஜினோவின் நோட்டை நம்ப மாட்டேன். அதற்கு ஆற்றுப்பெயர்களைத்தான் பார்ப்பேன்.