சுற்றறிக்கைக்குக் காது உண்டா? மாணவர் இணைய வானொலி குறித்து ஒரு விவாதம்

நொய்யல்கரை:
சென்ற மாதம் மழை காரணமாக எங்கள் கல்லூரியில் மாதிரித் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. சுற்றறிக்கையை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அது நான்கு குழுக்களைக் கடந்து என்னிடம் வந்து சேர்ந்தபோது, புளியம்பட்டியில் நான் ஏறிய பேருந்து அன்னூரைத் தாண்டியிருந்தது. தேதியின் மேல் படமெடுத்தவரின் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்ததால் தேர்வு 12-ஆம் தேதியா 17-ஆம் தேதியா என்பது தெரியவில்லை. அலுவலகத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. மாணவர்களே நடத்தும் இணைய வானொலியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்று, அறிவிப்புகளை நாள்தோறும் குறித்த நேரத்தில் அதில் சொல்ல வேண்டும் என்று முன்மொழிகிறேன். அமெரிக்காவில் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி 1994 நவம்பரிலேயே இணையத்தில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது.

பழைய கண்காணிப்பாளர்:
தம்பி, பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் எதிர்க்கிறேன். "எனக்குத் தெரிவிக்கவில்லை" என்று ஒரு மாணவர் நாளை நீதிமன்றம் சென்றால், தேதியும் ந.க. எண் என்னும் கோப்பு எண்ணும் கையொப்பமும் உள்ள தாளைத்தான் அங்கே காட்ட முடியும். வாசிக்கும் பிள்ளை 'பிற்பகல்' என்பதை 'முற்பகல்' என்று சொல்லிவிட்டால், விளக்கம் கேட்டு யாருக்குக் குறிப்பாணை அனுப்புவது? சுற்றறிக்கையை அன்றைக்கே இணையதளத்தில் ஏற்றியிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் நேர்ந்திருக்காது. அந்தக் குறைக்கு வானொலி மருந்தாகாது.

ஒலிப்பதிவு அறை:
ஒரு சிறு வட்டாரத்துக்காக நடத்தப்படும் சமுதாய வானொலி ஒன்றில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருக்கிறேன். இரு தரப்புக்கும் உதவும் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்துவது நமக்குப் புதிதன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கியது. ஆனால் இத்தகைய சமுதாய வானொலி நிலையங்களுக்கு அனுமதிக்கப்படும் 100 வாட் திறன் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குத்தான் எட்டும். பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளோ கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என நான்கு மாவட்டங்களில் இருக்கின்றன. அப்பல்கலைக்கழகம் இருக்கும் மருதமலை அடிவாரத்திலிருந்து பேசினால் நீலகிரியின் கூடலூரில் கேட்காது. மேலும், சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப எங்களுக்கு அனுமதி இல்லை. இணைய வானொலிக்கு அலைவரிசை ஒதுக்கீடே தேவைப்படுவதில்லை. ஒலியை இணையத்தில் அனுப்பும் ஐஸ்காஸ்ட் போன்ற கட்டற்ற மென்பொருளும் ஒரு வாடகை வழங்கியும் (சர்வர்) போதும். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட்தான் செலவாகும்.

சிக்கல் பாட்டில்தான் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு வானொலிகளுக்குத் தரும் சட்டமுறை உரிமம், அதாவது உரிமையாளரிடம் தனியே அனுமதி கேட்காமல் நிர்ணயித்த கட்டணம் செலுத்திப் பாட்டை ஒலிபரப்பும் உரிமை, இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஒவ்வொரு இசை நிறுவனத்திடமும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். இல்லையேல் திரைப்பாட்டை விட்டுவிட வேண்டும். பாட்டில்லாத வானொலியை மாணவர்கள் எத்தனை நாள் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விடுதி மாணவி:
பாட்டில்லாமல்கூடக் கேட்டுவிடுவேன். நிர்வாகம் பணம் கொடுத்தால் அந்த நிலையம் இரண்டே மாதங்களில் நிர்வாகத்தின் ஒலிபெருக்கியாகிவிடும் என்பதே என் அச்சம். எந்தச் சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றினார் என்பதை அரை மணி நேரம் சொல்வார்கள். விடுதியில் மூன்று நாட்களாகத் தண்ணீர் வரவில்லை என்பதை ஒரு வரிகூடச் சொல்லவிட மாட்டார்கள். மாணவர் நடத்துவது என்று பெயர் வைத்துவிட்டு, வாசிக்கும் தாளைத் துறைத்தலைவர் திருத்தித் தருவதாக இருந்தால் எனக்கு வாட்ஸ்அப்பே போதும்.

நொய்யல்கரை:
ஐயா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். அறிவிப்பு எழுத்தில்தான் இருக்க வேண்டும். வானொலி அதற்கு மாற்று என்பது போல நான் எழுதியது அவசரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று என்னிடம் சுற்றறிக்கை வந்துவிட்டது. 12-ஆ 17-ஆ என்று திரும்பக் கேட்க எனக்கு வழியில்லாததே துன்பமாயிற்று. இணையதளத்தில் ஏற்றியிருந்தாலும், பேருந்துக் கட்டணத்தோடு அரைநாள் கூலியையும் இழந்தவர்களுக்கு மறுதேர்வு உண்டா என்ற கேள்விக்கு அங்கே விடை இருந்திருக்காது. எனவே முன்மொழிவை மாற்றிக்கொள்கிறேன்: வாரத்தில் ஒரு மணி நேரம், தேர்வுப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் நேரலையில் அமர்ந்து, மாணவர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதும் கேட்பதும் மாணவர்கள் கையில் இருக்கட்டும். சகோதரியின் தண்ணீர்க் கேள்விக்கு விடுதிக் காப்பாளரை அடுத்த வாரம் அழைப்போம். திருப்பூரில் என் நண்பன் மாலையில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறான். துணியைத் திருப்பிக்கொண்டிருக்கும் கைகளால் கைப்பேசியைத் தொட முடியாது. ஒரு காதில் மாட்டிய கருவியில் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறான்.

சோமனூர்த் தறி:
செக்கிங் மேசைக்குச் சரி. எங்கள் ஊர் விசைத்தறிக் கொட்டகையில் பக்கத்து ஆள் கத்தினாலே கேட்காது, வானொலி எங்கே கேட்கப் போகிறது? இரவு முறை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருபவர்கள் எங்கள் வகுப்பிலேயே ஆறு பேர் இருக்கிறோம். எங்களுக்குப் பதிவு வேண்டும். அதிலும் எந்தக் கேள்வி எந்த நிமிடத்தில் வருகிறது என்ற குறிப்பு வேண்டும்.

பழைய கண்காணிப்பாளர்:
கேள்வி நேரம் என்றால் யோசிக்கலாம், தம்பி. எனினும் உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் குவியும் வாரத்தில், தேர்வுப் பிரிவில் எங்களுக்கு மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்கவே நான்கு மணி ஆகிவிடும். உங்கள் கேள்விகளும் அந்த வாரத்தில்தான் குவியும். நேரலையில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு ஆளை ஒதுக்கித் துணைவேந்தர் ஆணை பிறப்பிக்க வேண்டும். வாயால் சொன்ன விடைகளை அன்று மாலையே எழுத்தாக்கி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்த எழுத்துப்படியில் கையொப்பமிடுபவர் யார் என்று முடிவாகும்வரை என் எதிர்ப்பு நிற்கிறது.

நொய்யல்கரை:
எழுத்துப்படியை நாங்கள் தயாரிக்கிறோம், ஐயா. நிமிடக் குறிப்பையும் அதிலேயே சேர்த்துவிடுகிறோம். கையொப்பத்தை மட்டும் நீங்கள் சொல்லும் வழியில் கேட்டுப் பார்க்கிறோம். ஆணைக்கான வரைவை எழுதித் தருவீர்களா?