வெள்ளவத்தை ஃபிளாட், ரூபாயில விலை: கையெழுத்து வைக்கலாமோ?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. நான் ஸ்காபரோவில, கனடாப் பிரஜை. இலங்கை இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கேல்லை. அம்மா ஊர்ப்பக்கம் போகவேணும் எண்டு நிக்கிறா. கொழும்பு வெள்ளவத்தையில கட்டிக்கொண்டிருக்கிற தொடர்மாடியில ஒரு வீடு பார்த்திருக்கிறன்.

2014ஆம் ஆண்டுச் சட்டப்படி எங்களைப் போல ஆக்கள் காணி வாங்கேலாது, தொடர்மாடி வாங்கலாம். உறுதி (வீட்டுப் பத்திரம்) முடிக்க முதல் முழுக்காசும் வெளியில இருந்து வங்கி வழியா வந்திருக்கவேணும். அது விளங்குது. பிரச்சினை ரூபாய்தான். 2022 மார்ச் தொடக்கத்தில 200 அளவில நிண்ட அமெரிக்க டொலர், மே மாதம் 360ஐத் தாண்டினது மறக்கேலுமே?

விலை ரூபாயில, இரண்டு வருசத் தவணை. ரூபாய் விழுந்தால் எனக்கு நல்லதுதானே எண்டு சந்தோசப்பட்டன். ஆனால் ஒப்பந்தத்தின்ர கடைசித் தாளில, "சீமெந்து, கம்பி விலை ஏறினால் வீட்டு விலையும் மாறும்" எண்டு சின்ன எழுத்தில கிடக்கு. ரூபாய் விழுந்தால் அந்த விலையளும் ஏறுமே. எவ்வளவு வரை எண்டு ஒரு சொல் இல்லை. கட்டிற ஆக்களைக் கேட்டால், "அது சும்மா வழமையாப் போடுறது தம்பி" எண்டு சிரிக்கினம்.

இதுக்கு உச்சவரம்பு எழுதுவிச்ச ஆராவது இருக்கிறீங்களோ? உள்முக முதலீட்டுக் கணக்கால (வெளிநாட்டில இருந்து முதலீட்டுக் காசு அனுப்ப இலங்கை வங்கியில திறக்கிற கணக்கு) அனுப்பி வாங்கி, பிறகு வித்த காசை டொலராத் திருப்பி எடுத்தவை, வங்கி என்ன கடிதமெல்லாம் கேட்டது? கொழும்பில நம்பிக்கையான நொத்தாரிசு தெரிஞ்சால் உள்பெட்டியில சொல்லுங்கோ. வாற வெள்ளிக்கிழமை முற்பணம் கேக்கினம்.