விலங்கு நச்சு உதவி எண்ணில் கால்நடை மருத்துவர் வேலை எப்படி?

கேள்வி:
அமெரிக்காவில் கால்நடை மருத்துவ உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். இல்லினாயில் இருக்கும் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் நச்சுக் கட்டுப்பாட்டு மையம் போன்ற இடங்களில் எல்லாமே தொலைபேசிதான். விலங்கைத் தொடாமல் செய்யும் வேலை நிறைவு தருமா?

பதில்:
தரும் தம்பி. நான் இப்படியோர் உதவி எண்ணில் இரவுப் பணி பார்க்கிறேன். எடை என்ன, எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது? இதிலேயே பாதி முடிவாகிவிடும். பெரிய லாப்ரடார் ஒரு துண்டு பால் சாக்லேட் தின்றால் பெரும்பாலும் வீட்டிலேயே கவனிக்கலாம். சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் என்றால் அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரியலாம். பேச்சை வளர்க்காமல் மருத்துவமனைக்கு அனுப்புவேன். பூனை லில்லி மகரந்தத்தை நக்கியிருந்தாலும் அப்படித்தான், சிறுநீரகம் போய்விடும். உப்புக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்பவர்களைத் தடுப்பதும் பெரிய வேலை. உப்பே நஞ்சாகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. ஆராய்ச்சிக்கு வாய்ப்பு உண்டா?

பதில்:
நிறைய. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தை ஏன் கெடுக்கிறது என்பது நெடுநாள் புதிர். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே பாதிப்பு வந்தது. மாவில் கிரீம் ஆஃப் டார்ட்டர் இருந்தது, அது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. ஏ.எஸ்.பி.சி.ஏ. மையத்து மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, திராட்சையிலும் இருக்கும் டார்ட்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் எழுதினார்கள். அழைப்புகளைக் கவனித்துக் கேட்டதால் கிடைத்த விடை!

இன்னொருவர்:
அப்படியானால் புளி?

பதில்:
அதிலும் அந்த அமிலம் நிறைய. நாய் புளியுருண்டையைத் தின்றதாக அழைத்தால் திராட்சை தின்றதாகவே எடுத்துக்கொள்வேன்.